பெரிய காற்றை முதலில்

ஒவ்வொரு வரியையும் தட்டி முடித்ததும் "மாதாவே" என்று பெருமூச்சு விட்டுத்தான் பிரான்சிஸ்கா அடுத்த வரிக்குப் போகிறாள். ஆட்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற விரல்களில் பிளாஸ்டர். பகல் முழுக்கத் தலைமன்னாரில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிறவள். ஓடு குத்தாத நாளில்லை. பின்னேரம் கோயில் மண்டபத்துக் கொம்பியூட்டர் வகுப்புக்கு வந்து கதிரையில் சாய்ந்ததும் கண் மூடிவிடும். நானும் அதே வகுப்புத்தான். தட்டி எழுப்பினால் கோபிக்க மாட்டாள். "நித்திரை இல்லப் பிள்ளை, கண்ணுக்கு ஒரு ஆறுதல்" என்பாள். குறட்டையைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

படகுக்காரரின் கைபேசிகளுக்கு விடியற்காலையில் காற்று எச்சரிக்கை அனுப்ப ஒரு புரோகிராம் வேண்டுமென்று மீனவர் சங்கம் எங்கள் வகுப்பில் கேட்டது. அந்த வேலையை அவள்தான் முந்திக்கொண்டு வாங்கினாள். புருசன் லோறன்ஸ் தென்மேற்கிலிருந்து அடிக்கும் எந்தச் சோளகக் காற்றுக்கும் அடங்காத மனிதர். போன மாதம் படகு கவிழ்ந்து, அடுத்த படகுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் கடலுக்கு இறங்குகிறவரிடம் 'போகவேண்டாம்' என்பது அவர்கள் வீட்டில் ஆகாத சொல். கலியாணம் முடித்த நாள்முதல் அவள் சொன்னதெல்லாம் "கவனமாப் போட்டு வாங்கோ" மட்டும். பாவம், பயத்தை மென்று விழுங்கியே களைத்துப்போனவள்.

புரோகிராமையும் அப்படித்தான் எழுதியிருந்தாள். காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேலானால், 'கவனமாகப் போங்கோ'. அப்படி இல்லாவிட்டால், ஐம்பதுக்கு மேலானால், 'போகவேண்டாம்'. அறுபது என்று கொடுத்துப் பார்த்தாள். 'கவனமாகப் போங்கோ' என்றது திரை.

"ரீச்சர், இதுவும் என்னை மாதிரித்தான் கதைக்குது."

எங்களுக்குப் படிப்பிக்கிற சிவலட்சுமி ரீச்சர் குனிந்து பார்த்தார். "அக்கா, இது மேலயிருந்து வாசிச்சுக்கொண்டு வரும். முதல் பொருந்தினதோட நிண்டிடும். அறுபதும் முப்பதுக்கு மேலதானே? கீழ இருக்கிறதை அது பாக்கவே பாக்காது. பெரிய காத்தை முதல்ல கேளுங்கோ."

"போகவேண்டாம் எண்டதையோ முதல்ல சொல்லச் சொல்லுறியள்?"

"ஓம் அக்கா."

பிரான்சிஸ்கா கதிரையை முன்னால் இழுத்தாள். பிறகு, யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த வரிகளை மேலே ஏற்றினாள்.

அடுத்த கிழமையே சங்கம் அதைப் பாவிக்கத் தொடங்கியது. ஒரு விடியலில் வேலித் தகரம் அடித்துக்கொள்ளும்படி சோளகம். என் வீடு அவர்களின் பக்கத்து வளவு. முற்றத்தில் நின்றால் எல்லாம் தெரியும். லோறன்ஸ் கைபேசியில் வந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உன்ர கொம்பியூட்டருக்குக் கடலைத் தெரியுமே? எண்ணெய்க் கானை எடு."

பிரான்சிஸ்கா படகு எஞ்சினுக்கான எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் கை நீட்டினார். "போகவேண்டாம்" என்றாள். கானை முற்றத்து மணலில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.