லீலாபாய் எடுத்த புகார்

கரமனையில் குடியிருந்த லீலாபாய்க்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் கேட்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊராரின் ஆவலாதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு கத்துகிறவராக இருந்தாலும் அவர் கேட்பது ஒரே மாதிரிதான்: டயல் டோன் வருதா, வேற போனை மாட்டிப் பாத்தியளா, மழைக்கு முன்னாலயா பின்னாலயா. மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பேர் தணிந்துவிடுவார்கள்.

கணவர் யோசுவா, சாலை பஜாரில் ஒரு பெயின்ட் கடையில் மேனேஜர். நல்ல குரல். அது நல்ல குரல் என்பது அவருக்கும் தெரியும். 2006இல் சபை ஆண்டு விழாவில், ஐந்து சரணம் உள்ள ஒரு கீர்த்தனையைப் புத்தகம் பார்க்காமல் தனியாகப் பாடினார். லீலாபாய்க்கு அன்று மாலை டியூட்டி, போக முடியவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ஒரு குறையும் இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, விழாவை வீடியோ எடுத்தவர் யோசுவா பாடிய பகுதியை மட்டும் ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். யோசுவா அதற்காகவே சாலையில் நாகேஸ்வரன் கடையிலிருந்து ஒரு டி.வி.டி. பிளேயர் வாங்கி வந்தார். பாறசாலையில் இருக்கும் அக்கா சுசீலாபாயும் விழாவுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, பாட்டையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவருக்குப் போன் போட்ட பிறகுதான் சி.டி.யை உள்ளே தள்ளினார்.

டி.வி.யில் யோசுவா மேடை ஏறினார். வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அடுத்துப் பார்க்கும்போது ஒரு கை மேலே இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. பாட்டு பாதி வார்த்தையில் அறுந்து, வேறொரு வார்த்தையின் நடுவில் முளைத்தது. ஆர்மோனியக்காரர் விக்கல் வந்தவரைப் போலத் துள்ளினார்.

யோசுவா ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. எழுந்து நிறுத்திவிட்டார். "பொட்ட மிஷின். நாகேஸ்வரனுக்க கடையில கொண்டு எறிஞ்சிட்டு வாறேன்."

"இருங்க. வேற சி.டி. போட்டுப் பாத்தியளா?"

அது ஆபீஸ் குரல். யோசுவா உட்கார்ந்துவிட்டார்.

யோசுவாவின் கடையில் வேலை பார்க்கும் தாணுமாலையன் வீட்டுக் கல்யாண சி.டி. அலமாரியில் இருந்தது. அது தண்ணீர் போல ஓடியது. அப்படியானால் பிளேயர் மேல் குற்றமில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார் லீலாபாய். மறுநாள் பாட்டு சி.டி.யை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பிரேமாவிடம் போனார். அந்த வீட்டுப் பிளேயரிலும் யோசுவா திக்கித் திக்கித்தான் பாடினார். சி.டி.யை மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். மாற்றமில்லை. கரமனை ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த லிபியிடம் கொண்டுபோனார். அங்கே கம்ப்யூட்டரில் முதல் சரணம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. லிபி பதியும் வேகத்தைக் குறைத்து இன்னொரு சி.டி.யில் பதிந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்து போட்டால் பழைய திக்கல் அப்படியே இருந்தது.

"ஞான் அப்பவே சொன்னேன், மிஷினாக்கும்," என்றார் யோசுவா.

லீலாபாய் மறுபடி லிபியிடம் போனார்.

"ஆன்ட்டி, சி.டி.க்கும் குழப்பமில்ல, பிளேயருக்கும் குழப்பமில்ல," என்றாள் லிபி, இந்த முறை பைலின் விவரங்களைத் திறந்து பார்த்துவிட்டு. "பைலுக்க பிட்ரேட், செகண்டுக்கு இவ்வளவு டேட்டான்னு உள்ள கணக்கு, ரொம்பக் கூடுதல். ஒரு செகண்டுக்குள்ள அவ்வளவையும் கம்ப்யூட்டர் வாசிச்சிரும். பிளேயரால முடியாது. அதான் விட்டு விட்டுக் காட்டுது."

"ஒரே நேரத்துல எல்லாரும் கூப்பிட்டா லைன் கிடைக்காதே, அந்த மாதிரியா?"

"அது தன்ன."

"அப்ப கூட்டத்தைக் குறை."

லிபி பிட்ரேட்டைக் குறைத்துப் பைலைப் புதிதாக மாற்றினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. லீலாபாய் எழுந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுசீலாபாய் ஒரு சீப்பு ஏத்தம்பழத்தோடு வந்தார். சாப்பாடு முடிந்ததும் லீலாபாய் புது சி.டி.யைப் போட்டார். முதல் சரணம் அப்பழுக்கில்லாமல் ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. சுசீலாபாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். யோசுவா மட்டும் ஏனோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

நாலாவது சரணத்துக்கு வாயைத் திறந்த டி.வி. யோசுவா, அப்படியே நின்றார்.

"என்னலே, நின்னு போச்சா?" என்றார் சுசீலாபாய்.

"மிஷினுக்க கோளாறாக்கும் அக்கா," என்றார் யோசுவா, கேள்வி முடிவதற்குள்.

லீலாபாய் படத்தைக் கூர்ந்து பார்த்தார். மேடைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்மோனியக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி யோசுவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஒரு அம்மாள் ஈயை விரட்டினார். பத்து நொடி இருக்கும். பிறகு டி.வி. யோசுவா நாலாவதை விட்டுவிட்டு நேராக ஐந்தாவது சரணத்துக்குத் தாவினார்.

லீலாபாய் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மைனி. அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் பிடிக்குது. லிபிகிட்ட சொல்லணும்," என்றார் லீலாபாய்.

"மிஷின் நின்னா ஃபேன் எப்படிச் சுத்தும்?" என்றார் சுசீலாபாய்.

"பாயசம் எடுக்கட்டா மைனி?" என்று லீலாபாய் எழுந்தார்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த யோசுவா, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "நாலாவது முழுக்க மறந்து போச்சு லீலா. வீடியோக்காரன் அதை வெட்டியிருப்பான்னு நெனச்சேன். மேல பாத்தா ஞாபகம் வருமோன்னு பாத்தேன். ஃபேன்தான் இருந்தது."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இப்படி நடையா நடந்திருக்க வேண்டாமே."

"மத்தக் கோளாறு, அந்தத் திக்கல், அதுவும் உண்டும்லா?" என்றார் யோசுவா, பாவமாக.

லீலாபாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அலமாரியிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சி.டி.யை மறுபடி ஓடவிட்டார். டி.வி.யில் பாட்டு நின்ற இடத்தில் யோசுவா புத்தகத்தைப் பார்த்து நாலாவது சரணத்தை எடுத்தார். பத்து நொடி போதவில்லை. இரண்டாம் வரியிலேயே டி.வி.க்காரர் ஐந்தாவதோடு வந்து முட்டினார். லீலாபாய் ரிமோட்டை வாங்கிக் கொஞ்சம் பின்னால் போய், நின்ற இடத்தில் பாஸ் பட்டனை அழுத்திப் படத்தை நிறுத்தினார். யோசுவா நாலாவதை நிதானமாக முழுசும் பாடி முடித்தார். பிறகு லீலாபாய் மறுபடி பட்டனை அழுத்த, டி.வி.யில் இருந்தவர் ஐந்தாவதை ஆரம்பித்தார்.