அம்மாவின் முதுகு நடித்த படம்

டென்மார்க்கில் ஒருவரை இரண்டாம் முறை பார்க்கும்போது "தாக் ஃபார் சிஸ்ட்" என்பார்கள். போன முறைக்கு நன்றி என்று பொருள். போன முறை நாம் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்திருக்கத் தேவையில்லை, சேர்ந்து ஒரு காபி குடித்திருந்தால் போதும். வந்த புதிதில் இதைக் கேட்டால் என் நிம்மதி போய்விடும். போன முறை நான் என்ன சொல்லித் தொலைத்தேன், இவர் எதற்கு நன்றி சொல்கிறார், இதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன். கோவையில் எங்கள் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்காரரிடம் வந்து யாராவது போன முறைக்கு நன்றி என்றால், போன முறை கடைந்து கொடுத்த சாமானில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சந்தேகம் என் கூடப் பிறந்தது. இங்கே சாலையோரத்தில் முட்டையையும் உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டு, காசைப் பெட்டியில் போடுங்கள் என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. இத்தனை வருடங்கள் கழித்தும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று சுற்றும்முற்றும் பார்க்கிறேன். யாரோ புதருக்குப் பின்னாலிருந்து என்னைக் கவனிப்பதாகவே தோன்றும்.

எங்கள் குடியிருப்பின் பொது அறையில் மாதம் ஒரு சினிமா போடுவார்கள். கிர்ஸ்டன் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அதை நடத்துகிறார். ஒரு மாதம் பழைய படம், அடுத்த மாதம் அதையே புதிதாக எடுத்த படம், அதற்குப் பிறகு கேக்கும் ஒப்பீடும். புதியதில் வெளிச்சம் நன்றாயிருந்தது, பழையதில் அமைதி நன்றாயிருந்தது என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கலைவார்கள். சண்டையே வராது. எனக்கோ ரீமேக் என்றாலே ஆகாது. நன்றாயிருந்த படத்தை ஏன் திரும்ப எடுக்கிறார்கள்? நன்றாயில்லாத படத்தை ஏன் திரும்ப எடுக்கிறார்கள்? கதை அதேதான், ஆனால் இது வேறு படம் என்று ஒருவர் பேட்டி கொடுத்தால், அவர் எதையோ மறைக்கிறார் என்றே நினைப்பேன். இப்படிப்பட்ட என்னிடம் கிர்ஸ்டன் வந்து, உங்கள் ஊர்ப் படம் ஒன்றைப் பழையதும் புதியதுமாகக் கொண்டு வா என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய படத்தில் என் அம்மாவின் முதுகு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. முதுகுக்கு நீச்சல் நல்லது, அம்மாவை நீந்தச் சொல் என்றார். திருத்தப் போனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சரி சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். படத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள். அம்மா இன்னும் கணபதியில் அதே தெருவில்தான் காய் வாங்கப் போகிறார்.

அம்மா பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரத்து ஊர். வயலும் தென்னையும் வேண்டுமென்றால் அந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் கோபிக்குத்தான் வருவார்கள். அந்தப் படத்தில் ஒரு கல்யாணக் காட்சி. நாயகனும் நாயகியும் வேறு வேலையாகச் சென்னைக்குப் போய்விட்டார்கள். முகம் தெரியும் பகுதிகளைப் பிறகு அங்கே எடுத்துக்கொள்ளலாம், பந்தலையும் கூட்டத்தையும் பின்னாலிருந்து இங்கேயே எடுத்துவிடலாம் என்று இயக்குநர் முடிவு செய்தார். மணப்பெண் இடத்தில் உட்கார உயரமும் நீளமான சடையும் உள்ள ஒரு பெண் வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் இருந்தன. மாப்பிள்ளை இடத்தில், பந்தலில் விரிப்பதற்குப் பவானியிலிருந்து ஜமக்காளம் கொண்டுவந்த ஒரு இளைஞரை உட்காரவைத்தார்கள். தோள் அகலம் நாயகனுக்கு ஒத்துப்போனதாம்.

வினை அருமைக்காரர் உருவில் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்திவைக்கும் உரிமை பெற்ற குடும்பத்துப் பெரியவரை அருமைக்காரர் என்போம். காட்சி அசலாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டு, நிஜமான அருமைக்காரர் ஒருவரையே கூட்டிவந்தார். நான் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். பெரியவர் ஆரம்பித்தார். பொய்யாகச் செய்வது எப்படி என்று அவருக்குத் தெரியாது. வெளியூர் விருந்தாளி கேட்டுக்கொண்ட காரியத்தை அரைகுறையாகச் செய்வது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவும்கூட. இயக்குநர் காட்சியின் அழகில் சொக்கிப்போய் 'கட்' சொல்லவே இல்லை. அருமைக்காரர், சீர் என்று நாங்கள் சொல்லும் சடங்கு ஒன்றையும் விடாமல், இரண்டு பேர் கையையும் கோத்துவைத்து, அருகம்புல் போட்டு வாழ்த்தி, முழுக் கல்யாணத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். தாலி மட்டும் கட்டவில்லை. அது முகம் தெரிகிற காட்சி. அதைச் சென்னையில் நாயகன் நாயகிக்குக் கட்டினார்.

மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சீரெல்லாம் கோபியில், தாலி சென்னையில். அப்படியானால் இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா? அருமைக்காரரிடமே போய்க் கேட்டார்கள். "செஞ்ச சீரைச் செய்யலைன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்று அவர் கையை விரித்துவிட்டார். பெரியவர்கள் கூடிப் பேசி எந்த முடிவுக்கும் வர முடியாமல், இதை வெளியில் பேசுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு அம்மாவை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். பவானிக்காரர் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான்.

படம் கோவைக்கு வந்தபோது பட்டறையில் யாரோ அப்பாவின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டார்கள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகவே இல்லை. தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தால், கல்யாணக் காட்சி நெருங்கும்போது எழுந்து போய் அணைத்துவிடுவார். அந்தப் படத்தின் நாயகிக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. சண்டை முற்றினால் "உன்ற பவானி ஊட்டுக்கே போ" என்பார். அம்மா பதிலே பேச மாட்டார். அந்த மௌனம்தான் என் சந்தேகத்துக்கு எரு போட்டது. பள்ளியில் பவானி கூடுதுறைக்கு அழைத்துப்போனபோது, இரண்டு ஆறும் சேரும் இடத்தைப் பார் பார் என்று டீச்சர் காட்டினார். நான் தெருவிலிருந்த வீட்டு வாசல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எது அம்மாவின் வீடு என்று தேடினேன்.

அப்பா போன பிறகு அம்மாவை இங்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். விசாவும் வந்தது. கேட்கும்போதெல்லாம் அம்மா "பாக்கலாம் அம்மணி" என்பார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்வது. சரி, நேரிலேயே போய்க் கையோடு கூட்டிவருவோம் என்று கிளம்பினேன். கணபதி வீட்டில் இரண்டு நாளிலேயே எனக்கு மூக்கில் வேர்த்தது. அம்மா பின்கட்டில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசுகிறார். நான் போனால் வைத்துவிடுகிறார். ஒருமுறை பவானி என்ற சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. இன்னொருமுறை, "புள்ளைக்குத் தெரிய வேண்டாமுங்க" என்பதும் விழுந்தது. அப்புறம் ஒருநாள் காலையில், அந்தப் பழைய படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்களாமே, போய்ப் பார்க்கலாமா என்று அம்மாவே கேட்டார். அப்பா இருந்தவரை தியேட்டர் வாசலை மிதிக்காதவர், இப்போது அந்தப் படத்துக்கே போக வேண்டும் என்கிறார். அம்மாவை ஊரில் பிடித்துவைத்திருப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாகவே நினைத்தேன். கோபம் வந்தது. அப்பாவுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

அவினாசி ரோட்டு மால் ஒன்றில் மதியக் காட்சி. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அதையும் குறித்துக்கொண்டேன். பழைய படத்தில் வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும், இதில் நீச்சல் குளம்போல் நீலமாக ஓடியது. அதில் கூட்டத்தில் நின்றவர்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதில் எல்லாரும் ஒரே கடையில் எடுத்த வேட்டியோடு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வயலெல்லாம் இவ்வளவு பச்சையாக இருந்தால் எந்த விவசாயியும் பயந்துபோவார். கல்யாணக் காட்சி வந்தது. அருமைக்காரர் இல்லை. ஓமகுண்டம், ஐயர், வானத்திலிருந்து ஒரு படப்பிடிப்பு, பூ மழை, ஆட்டம், நாயகன் தாலியை எடுப்பதற்குள் அடுத்த காட்சி. நான் திரையை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"இதுல ஆருக்கும் கண்ணாலமே ஆகல கண்ணு."

சொல்லிவிட்டுப் பெரிய ஆறுதலோடு பாப்கார்னைத் தின்ன ஆரம்பித்தார்.

மறுநாள் மத்தியானம் என் லேப்டாப்பில் பழைய படத்தைப் போட்டேன். அம்மா தன் கல்யாணக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் முதுகைப் பார்த்து, இத்தனை முடியா இருந்தது என்று வியந்தார். பக்கத்திலிருந்த அகலத் தோளைப் பார்த்ததும் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டேன், அந்த ஆளிடம்தான் போனில் பேசுகிறீர்களா என்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்துப் போட்டார். எனக்குக் கொடுத்தனுப்புவதற்காகப் பவானியில் ஒரு கடையில் சொல்லி நெய்ய வைத்த ஜமக்காளம். டென்மார்க் குளிருக்கு நல்ல கனமாக வேண்டும் என்று கடைக்காரரிடம் மல்லுக்கட்டியிருக்கிறார். முழுக்க நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கமாக இருந்தது.

அந்த ஆளை அதற்குப் பிறகு பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருதரம்கூட இல்லை, முகமே நினைவில் இல்லை என்றார். பிறகு ஏன் அப்பா சொல்லும்போதெல்லாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லையென்று சொல்லவில்லை? அம்மா லேப்டாப்பை மூடினார்.

"கட்டிக்கிட்டு வந்த புதுசுல சண்டை வந்தா எங்க போறது? பொறந்த ஊட்டுக்குப் போனா, ஊர் வாய்க்குப் பயந்து அன்னிக்கே திருப்பி அனுப்பிச்சுருவாங்க. அப்ப நெனச்சுக்குவேன், பவானில ஒரு ஊடு இருக்குது, சீர் செஞ்ச ஊடு, போனா வேண்டாமுன்னு சொல்ல முடியாதுன்னு. அந்த நெனப்புலயே சோத்தை ஆக்கிப்போடுவேன். போகோணும்னு இல்ல அம்மணி. போறதுக்கு ஒரு ஊடு இருக்குதுன்னா, இருக்கற ஊட்டுல இருந்துக்கலாம்."

இங்கே டென்மார்க்கில் அலுவலகத்தில் என்னை ஓரங்கட்டும்போதும், என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதும், ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டும்போதும் நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். கோயம்புத்தூருக்குப் போய்விடுவேன். போனதில்லை. சொல்லிக்கொண்டே தோசைக்கு அரைப்பேன். என் அம்மாவைப் பற்றி அத்தனை வருடம் சந்தேகப்பட்ட நான், அவரைப் போலவேதான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதையெல்லாம் சொல்லத் தெரியாமல், அப்படியானால் என்னோடு வந்துவிடுங்கள் என்று மறுபடியும் கெஞ்சினேன்.

"நானும் அங்க வந்துட்டா, உனக்குப் போறதுக்கு ஊடு எங்க அம்மணி இருக்குது?"

இதுவும் பார்க்கலாம் என்பதன் இன்னொரு வடிவம்தானோ என்று விமானத்தில் யோசித்தேன். என் புத்தி அப்படி.

திரும்பி வந்து, புதிய படமும் இணையத்தில் வந்த பிறகு, கிர்ஸ்டனின் பொது அறையில் இரண்டு படங்களையும் போட்டேன். எல்லாருக்கும் புதியதுதான் பிடித்திருந்தது. நிறங்களைப் பாராட்டினார்கள், பூ மழையைப் பாராட்டினார்கள். பழைய படத்தின் கல்யாணம் மட்டும் ரொம்ப நீளம், அதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்றார் கிர்ஸ்டன். ஆமாம் என்று சொல்லி அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

அம்மா வருவார் என்று இங்கே தெற்குப் பார்த்த அறையை ஒழித்து, கட்டில் போட்டு, தலைமாட்டில் ஒரு சாமி படம் மாட்டியிருந்தேன். கட்டிலைக் கழற்றிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். கணபதியில் நான் கல்யாணத்துக்கு முன் படுத்த அறையை அம்மா தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை தலையணை உறை மாற்றுகிறார். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களிடம், புள்ளை வருமுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இரண்டு அறையிலும் யாரும் படுப்பதில்லை. இரண்டிலும் மெத்தை விரித்தபடியே இருக்கிறது.