செத்த இஞ்சின் என்று சொன்னார்கள்

செத்துப்போன இஞ்சின் ஒரே இழுவையில் கிளம்பாது. இதை நான் மூன்று ஆண்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். மெக்கானிக் சிரித்தான். அண்ணன் "பாவம்" என்பதுபோலத் தலையாட்டினார். கணவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் காதிலும் என் கதை ஏறவில்லை.

எங்களுடையது முல்லைத்தீவுக் கரையில் நிற்கும் ஒரு சின்ன பைபர் போட். அதன் பின்னால் மாட்டியிருக்கும் இஞ்சினுக்கும் எங்கள் மூத்த மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள், இஞ்சின் இன்னும் எங்களோடுதான் இருக்கிறது. சண்டைக் காலத்தில் கணவரின் வலது தோள் போனது. கை இருக்கிறது, ஆனால் தோளுக்கு மேலே எழும்பாது. கயிற்றை இழுத்து இஞ்சினைக் கிளப்ப அவரால் ஏலாது. அதனால் கடல் அவருடைய பொறுப்பு, இஞ்சின் என்னுடையது. எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவர் சொல்வார். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வழி முழுக்க அதன் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருப்பது நான். கரையில் சிலர் என்னைக் "கயிறிழுக்கிற அக்கா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கயிறிழுக்க ஆளில்லாத எத்தனை வீட்டு வாசலில் போட் கவிழ்ந்து கிடக்கிறது என்று எனக்கும் தெரியும்.

இந்த வருடம் சோளகக் காற்று பிறந்த கையோடு தொல்லை தொடங்கியது. கரையில் ஒரு இழுவைக்குக் கிளம்பும். முழு வேகத்தில் ஓடும். பத்து நிமிடம் போனதும், மேட்டில் மிதிக்கிற சைக்கிள்காரன் மாதிரி இழுவை குறையும், முனகும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். எங்கள் பக்கத்தில் சோளகம் தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. இஞ்சின் நின்றால் போட் கரைக்கு வராது, வெளியேதான் போகும். மூன்றாம் நாள் அப்படி வெளியே போய்க்கொண்டிருந்த எங்களை இன்னொரு போட்டுக்காரர் கட்டி இழுத்து வந்தார்கள். அதில் இருந்த ஒருவன் போனில் படம் எடுத்தான். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரையில் இறங்கியபோது நாலைந்து பேர் சிரித்தது என் காதிலும் விழுந்தது.

அன்று பின்னேரமே கணவர் என் அண்ணனுக்குப் போன் எடுத்துவிட்டார். அண்ணனுக்கு மாங்குளத்தில் இரும்புக்கடை. "கடையில வந்து இருங்கோ மச்சான், வெயிலில்லை, காத்தில்லை" என்று அவர் இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனதோடுதான் அழைத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். போட்டையும் இஞ்சினையும் வாங்க ஆளும் பார்த்தாயிற்று, ஞாயிறு காலை லொறி வரும் என்று முடிவாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வாக்குக் குடுத்திட்டன்" என்றார் கணவர்.

"நீங்கள் குடுத்தனீங்கள். நான் குடுக்கேல்லை."

மறுநாள் இஞ்சினைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவன்.

"அக்கா, அண்ணையை வரச் சொல்லுங்கோவன்." அண்ணை என்று அவன் சொன்னது என் கணவரை.

"அண்ணை கயிறிழுக்கிறேல்லை. நான்தான் இழுக்கிறனான். என்னட்டைச் சொல்லும்."

தண்ணீர் நிறைத்த பீப்பாவுக்குள் இஞ்சினை இறக்கி, தன் கடையில் இருந்த எண்ணெய்க் கானிலிருந்து குழாயைக் கொடுத்து ஓட விட்டான். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு உறுமியது. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தான்.

"இஞ்சை ஓடும் அக்கா. கடலிலை இழுவை இல்லையெண்டால் உள்ளுக்கை ரிங் தேஞ்சு போச்சு. கழட்டிப் பாட்ஸுக்குத்தான் குடுக்கலாம்."

"தேஞ்ச ரிங் கரையிலை நல்லாயிருந்து கடலுக்கை மட்டும் தேயுமோ?"

"பழசு அக்கா."

"நானும் பழசுதான் தம்பி. ஓடுறன்தானே?"

அவனுக்கு அடுத்த வேலை இருந்தது. நான் இஞ்சினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வழி நெடுக யோசனை. எதையும் நான் விட்டுவைக்கவில்லை. பிளக் புதிதாகப் போட்டிருந்தேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தேன். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்தேன், அடியில் ஒன்றும் படியவில்லை. கட்டி இழுபட்ட அன்றும்கூட, கிளப்புவதற்கென்று தனியாக வைத்திருந்த சொச்சப் பெற்றோல் தீரும்வரை அது குமரி மாதிரித்தான் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினால்தான் சுருண்டது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எண்ணெய் அரைவாசி இருந்த நாளில் பத்து நிமிடம் ஓடியது. நிறைய ஊற்றிய நாளில் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. தேய்ந்த ரிங்குக்கு எண்ணெய்த் தாங்கி நிறைந்திருக்கிறதா, அரையாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஓட்டோ எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மெக்கானிக்கிடம் நான் கொண்டுபோனது இஞ்சினை மட்டும். எண்ணெய்த் தாங்கி கரையில், வலை வைக்கிற கொட்டிலான எங்கள் வாடிக்குள் கிடந்தது. வயிற்றை வீட்டில் விட்டுவிட்டு ஆளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதைதான்.

சனிக்கிழமை விடிந்ததும் கணவரைப் போட்டில் ஏறச் சொன்னேன். "நாளைக்குக் குடுக்கப்போற சாமானிலை என்ன கூத்து?" என்றார். ஆனாலும் ஏறினார். ஏறி, எனக்கு முதுகைக் காட்டியபடி முன்பக்க அணியத்தில் போய் உட்கார்ந்தார். காற்று எழும்ப இன்னும் நேரம் இருந்தது. கரையை ஒட்டியே ஓட்டினேன். எட்டாவது நிமிடம் முனகல் தொடங்கியது. இந்தமுறை நான் இஞ்சினைப் பார்க்கவில்லை. தாங்கியிலிருந்து வரும் குழாயின் நடுவில், கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றுகிற ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். அது காற்றுப் போன பலூனாகச் சப்பிக் கிடந்தது. தாங்கியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் தாங்கியின் இரண்டு கன்னமும் உள்ளே ஒட்டியிருந்தன. பாய்ந்து அதன் மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. கன்னங்கள் டப்பென்று வெளியே வந்தன. கயிற்றை இழுத்தேன். ஒரே இழுவை.

எண்ணெய் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அது அடைத்துப்போனால் தாங்கி எண்ணெயை விடாது, இஞ்சின் பட்டினி கிடக்கும். நிறைத்த தாங்கிக்குள் காற்றும் குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் பட்டினி. கரையில் அது ஒழுங்காக நடந்ததற்கும் காரணம் இதுதான். புறப்படும்போதெல்லாம் நான் மூடியைத் திறந்து, குச்சி விட்டு எண்ணெய் பார்ப்பேன். அப்போது ஒரு மூச்சுக் காற்று கிடைத்துவிடும்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளையை அடைத்துக்கொண்டிருந்தது தூசியுமில்லை, உப்புமில்லை. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம். கல்லாக இறுகியிருந்தது. அதை அப்பியது வேறு யாருமில்லை, நான்தான்.

சண்டைக் காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில்தான் வரும். ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான், அடுப்பு மூட்டவும் அதுதான். போத்தல் வாயைக் கடதாசியால் அடைத்து, சுற்றிவரச் சவுக்காரம் அப்பி வைப்போம். மணம் வெளியே வந்தால் எண்ணெய் போகிறது என்று அர்த்தம். பிறகு முழு நாடும் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடம் வந்தது. இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயை இந்தத் தாங்கியில் ஊற்றி, என் கை பழக்கத்தில் மூடித் துளைக்கும் சவுக்காரம் அப்பியிருக்கிறது. வரிசை ஓய்ந்ததும் தாங்கி வாடி மூலைக்குப் போனது. சோளகம் பிறந்த நேரம் மற்றத் தாங்கி வெடித்து ஒழுக, இதை எடுத்துப் பூட்டினேன். சவுக்காரத்தை மறந்துபோனேன்.

கணவர் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒரு ஆணியால் கிண்டிக் கடலில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. "பொம்பிளை இஞ்சின் பாத்தால் இப்பிடித்தான்" என்று அண்ணன் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். கிண்டிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கு வெட்கப்பட வேண்டும்? அந்த வருடங்களில் வீட்டில் விளக்கு எரிந்தது இந்தச் சவுக்காரப் புத்தியால்தான். அவரைக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தேன்.

"இதை அடைச்சது நான். கண்டுபிடிச்சதும் நான்."

அவர் மூடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில், "எண்டாலும் லொறி வருமே" என்றார்.

வந்தது. ஞாயிறு காலை அண்ணன் மோட்டார் சைக்கிளில் முந்தி வந்தார். லொறி ஒட்டுசுட்டான் தாண்டிவிட்டது என்றார். நான் சவுக்காரம் அப்பியதையும் நேற்று அதைக் கிண்டி எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். எதிர்பார்த்ததைத்தான் அவரும் சொன்னார்.

"ஓம் அண்ணை, பொம்பிளை பாத்தால் இப்பிடித்தான். ஏறுங்கோ போட்டிலை."

காலில் சப்பாத்தோடு ஏறினார். கணவர் அணியத்தில், அண்ணன் நடுவில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில், நான் பின்னால். முழு வேகம். பத்து நிமிடம் ஆனது, கரைத் தென்னைகள் விரலளவுக்குச் சுருங்கின. அண்ணன் இரண்டு கையாலும் போட்டின் விளிம்பைப் பிடித்திருந்தார். இருபது நிமிடமும் ஆனது. இஞ்சின் சத்தத்தில் ஒரு தளர்வு இல்லை.

"சரி தங்கச்சி, நல்லாத்தான் ஓடுது. திருப்பு."

"அதை லொறிக்காரனுக்குச் சொல்லுங்கோ. போன் எடுபடும் இஞ்சை."

"என்னடி, விளையாடுறியோ? மச்சான் வாக்குத் தந்தவர்."

"அவரையே கேளுங்கோ."

அண்ணன் முன்னால் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கணவர் மட்டும் "திருப்பு" என்று சொல்லியிருந்தால் நான் திருப்பித்தான் இருப்பேன், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கணவர் அண்ணனைப் பார்க்கவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனை எடுங்கோ மச்சான்" என்றார்.

அண்ணன் எடுத்தார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போனோடு, லொறிக்காரனிடம் ஏதோ கத்தினார். பேசி முடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், இனியாவது திருப்புவாய்தானே என்று.

வலை போட்டில் இருந்தது. எண்ணெயும் இருந்தது. நான் கணவரைக் கேட்டேன், எங்கே விடுவது என்று.

"இன்னும் கிழக்கை போ" என்றார்.