மழைப் பெண்ணின் இரண்டாம் பாகம்

அந்தப் புத்தகம் லாரியில் வந்தது. கடல் ஊருக்குள் வந்து போன டிசம்பருக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ லாரிகள் வந்துகொண்டிருந்தன. முதலில் மீனவர் குப்பங்களுக்கு வந்தன, பிறகு உப்பளத்தை ஒட்டி இருந்த எங்களுக்கும் வந்தன. எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழுவெளி உவர் ஏரி வழியாக ஏறிய தண்ணீர் உப்புப் பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அதனால் வரிசையில் போய் நின்றோம்.

பள்ளிக்கூட வராந்தாவில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினார்கள். புடவை, போர்வை, ஸ்வெட்டர். மரக்காணத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யார் எங்கே போவது என்று பெண்கள் சிரித்தார்கள். கடைசிப் பெட்டியில் முழுக்க இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் இருந்தன. எல்லா அட்டையிலும் பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள். ஒருத்திக்குக் கண்ணில் வெளிச்சம், ஒருத்திக்குத் தோளில் கறுப்புப் பறவை, ஒருத்திக்கு விரல் நுனியில் நெருப்பு. பின்னட்டைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண், தனக்குள் ஒரு சக்தி ஒளிந்திருப்பதை ஒருநாள் கண்டுபிடிக்கிறாள்.

நான் எடுத்துக்கொண்ட புத்தகத்தின் அட்டையில் இருந்தவள் மட்டும் நம்மைப் பார்க்கவில்லை. தலைமுடி நனைந்து, குனிந்து, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் எடுத்தேன். நானும் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டாம் பாகம் என்று போட்டிருந்தது. மறுநாள் ஓடிப்போய்த் தேடினேன். பெட்டியே இல்லை. வேர்க்கடலை மடிக்கக் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் சிலர் உண்டு, பிறகு வருவது நின்றுவிட்டது. தம்பி வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையில் இருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். பத்தாவது பாஸ் செய்திருந்தேன், இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் டிக்‌ஷனரி வாங்கி வந்தேன். உப்பள வேலை விடியும்போது தொடங்கி வெயில் ஏறும்போது முடிந்துவிடும். பிற்பகல் முழுவதும் அந்த அறையில் நானும் அந்தப் பெண்ணும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடினால் பெரிது.

குளிர் தேசத்தில் சித்தி வீட்டில் வளர்கிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தால், கோபம் வந்தால், வெளியே மழை வரும். அது அவளுக்கே பயம். அடக்கி அடக்கி வைத்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் சக்தி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. முதல் முதலாக எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த வருடம் உப்பு எடுப்பது தாமதமாகத்தான் தொடங்கியது. சேற்றை வாரிப்போட்டு, வரப்பை மிதித்துக் கட்டி, உப்பு பூக்கும்போது மார்ச் ஆகிவிட்டது. ஆண்கள் வாரி ஒதுக்குவார்கள். நாங்கள் பதினொரு பெண்கள் கூடையில் சுமந்து ரோட்டோரக் குவியலில் கொட்டுவோம். காலை பத்து மணிக்குக் கொட்டகை நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த அரைமணி நேரம்தான் நான் மனிதர்களோடு இருந்த நேரம். பேசமாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களில் மூத்தவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவள்தான் கேட்டாள்.

"ஏண்டி, மத்தியானமெல்லாம் கதவச் சாத்திக்கினு இன்னா பண்ற நீ? உன் தம்பி பொண்டாட்டி, தனியா பேசிக்கினு கீறேன்னு சொல்றா."

"பொஸ்தகம் படிக்கிறேன்க்கா."

"இன்னா பொஸ்தகம்?"

எப்படிச் சொல்லத் தொடங்கினேன் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குளிர் தேசம், சித்தி, பள்ளிக்கூடம். பாத்திரங்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். உப்பு எடுக்கும் மாதங்களில் எங்கள் ஆட்கள் மழை என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டோம். 'அது' என்போம். 'அது வர்றமாதிரி கீது, கீத்த எடுத்துப் போடு' என்போம். ஒரு மணி நேரம் அது வந்தால் போதும், பத்து நாள் உப்பு கரைந்து ஓடிவிடும். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று ஒரு பயம். அதனால் கதையிலும் 'அது' என்றே சொன்னேன். அவளுக்கு அழுகை வந்தால் அது வரும். எல்லோருக்கும் புரிந்தது.

"அடிப்பாவி! இந்தப் பக்கம் அவ வந்துடப் போறாடி," என்றாள் ஒருத்தி.

"வந்தா கூடையால மூடிப் போட்டுடுவோம்."

"எப்படி வந்துச்சாம் அவளுக்கு அந்த சக்தி?" என்று கேட்டாள் பெருமுக்கல்காரி. பெருமுக்கல் ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாலும் கணவனோடு தாய் வீட்டு நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

முதல் பாகம் என்னிடம் இல்லையே. "துணி காயப்போடுவா," என்றேன். "எப்ப காயப்போட்டாலும் அது வந்துடும். அப்பதான் அவளுக்கே சந்தேகம் வந்துச்சு."

"அப்ப எனக்கும் சக்தி கீதுடி," என்றாள் பெரியக்கா. வட்டமே சிரித்தது. நான் சொன்னதற்குப் பத்துப் பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு நடந்து போனது எனக்கு நினைவில்லை.

மார்ச், ஏப்ரல், மே. பிற்பகலில் படித்து மறுநாள் பத்து மணிக்குச் சொல்வேன். எனக்காக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "இன்னா, உன் பொண்ணு எப்படி கீறா?" என்று கூடை சுமக்கும்போதே கேட்பார்கள். என் பொண்ணு என்றார்கள். அந்தச் சொல்லை நான் பிற்பகலில் அறைக்கு எடுத்துக்கொண்டு போவேன்.

மே மாதக் கடைசியில் அந்த இடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து அவளைத் திருடி என்கிறார்கள். அவள் மாடிக்கு ஓடுகிறாள். இத்தனை நாள் அடக்கியதை இனி அடக்கப் போவதில்லை என்று இரண்டு கையையும் தூக்குகிறாள். சொல்லிக்கொண்டே நானும் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கையைத் தூக்கியிருந்தேன்.

"மழ! கொட்டுது மழ!" என்று கத்தினேன்.

பெரியக்கா ஒரு பக்கமாகத் திரும்பி மூன்று முறை துப்பினாள். பிறகு பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. தென்னங்கீற்று போட்டு மூடுவதற்குள் குவியல் பாதியாகிவிட்டது. பாத்திகளில் தண்ணீர் தளும்பியது. நாங்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்று பார்த்தோம். பத்து நாட்களுக்கு மேல் யாருக்கும் வேலை இல்லை.

மறுபடி வேலைக்குப் போனபோது யாரும் என்னைத் திட்டவில்லை. பத்து மணிக்கு வட்டம் கொஞ்சம் நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு இடம் இல்லை. சிறிது நேரம் தூக்குச்சட்டியோடு நின்றேன். பிறகு தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். ஜூனில் மிச்ச நாளும், ஜூலை முழுவதும் அப்படித்தான்.

எஞ்சின் ஓடும் சத்தத்தில் அவர்கள் பேசுவது கேட்காது, சிரித்தால் மட்டும் கேட்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு என் உள்ளங்கையைப் பார்ப்பேன். உப்பு அறுத்த வெடிப்புகள்தான் இருந்தன. என்றாலும் உண்மையைச் சொல்லவேண்டும். வருத்தத்துக்கு அடியில் ஒரு சின்னக் கர்வமும் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்திக்குள் ஏதோ இருக்கிறது என்று பத்துப் பேர் நம்பினார்கள். நான் நம்பினேனா? மாலையில் துணி காயப்போடும்போது ஓரிரு முறை வானத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒருநாள் பெருமுக்கல்காரி எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குந்தினாள்.

"யக்கா, ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வர்றியா?"

"எதுக்கு?"

"மல்லாட்ட காயுதுக்கா. இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா செடி நிக்காது." வேர்க்கடலைச் செடியைச் சொன்னாள், மண்ணைக் கீறிக்கொண்டே. "அந்தக் கதைய எங்க கொல்லையில வந்து ஒரு தபா சொல்லேன். பேரச் சொல்லியே சொல்லு. அங்க சொன்னா ஒண்ணும் தப்பில்ல."

"போடி, அதெல்லாம் சும்மா."

"சும்மான்னா எதுக்கு இங்க தனியா குந்திக்கினு கீற?"

ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

பெருமுக்கல் மலை தெரிகிற பக்கமாக அவர்கள் கொல்லை, மழையை நம்பிய நிலம். செடிகள் இலை சுருண்டு கிடந்தன. அவளும் அவள் அம்மாவும் வரப்பில் உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நின்றேன். கதையைத் தொடங்கினேன். மாடிக்கு ஓடும் இடம் வந்ததும் இரண்டு கையையும் தூக்கி, மழை மழை என்று என் உயிரே தொண்டைக்கு வருகிற மாதிரி கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. அந்த நேரத்தில், அந்த ஒரு நேரத்தில் மட்டும், வந்துவிடும் என்று நான் முழுதாக நம்பினேன்.

வானம் வெள்ளையாக இருந்தது. ஒரு கொக்கு பறந்து போனது.

"இன்னொரு தபா சொல்லும்மா," என்றாள் அவள் அம்மா, மரியாதையாக.

இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் கருவாட்டுக் குழம்போடு சோறு போட்டார்கள். சாப்பிடும்போது யாரும் மேலே பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியாக நான் மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்து, பத்து மணிக்கு, எஞ்சின் ஓடாத ஒரு காலையில் பெருமுக்கல்காரி பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவ வாயில ஒண்ணும் இல்லக்கா. நானே கூட்டிக்கினு போய்ப் பாத்துட்டேன். தொண்ட கிழியக் கத்துனா. ஒரு சொட்டு விழல. மொத்தச் செடியும் போச்சு."

"நெஜமாவா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கியதும் பெரியக்காவின் குரல் வந்தது.

"ஏய்! எதுக்கு அங்க தனியா குந்திக்கினு கீற? சட்டிய எடுத்துக்கினு இங்க வா."

போனேன். இடம் விட்டார்கள். மூன்று மாதமாக நான் ஏங்கிய இடம். உட்கார்ந்ததும் என்னிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்று தோன்றியது. கதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என் பொண்ணு மாடியில் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

அக்டோபரில் உண்மையான மழை தொடங்கி உப்பளம் மூடியது. அந்த வருடம் விடாமல் பெய்தது. இப்போது மழை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வட்டம் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் இருந்தார்கள். நவம்பரில் ஒரு பிற்பகல் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, குடை பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பெரியக்கா வீட்டுக்குப் போனேன். அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இந்த மழையில? இன்னா வேணும்?"

"கொஞ்சம் சக்கர இருந்தா குடுக்கா," என்றேன்.

ஒரு டம்ளரில் கொடுத்தாள். இடுப்பில் புத்தகமும் கையில் சர்க்கரையுமாகத் திரும்பி வந்தேன். கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக எனக்கே படித்துக்கொண்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் விழுந்த மழையில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த ஊர் அவளை வேண்டாம் என்கிறது. அவள் ஒரு பையோடு ரயில் ஏறி, தன்னைப் போல இன்னொருத்தி எங்காவது இருப்பாளா என்று தேடிப் போகிறாள். ரயில் கிளம்பும்போது வெளியே வெயில் அடிக்கிறது. அத்தோடு இரண்டாம் பாகம் முடிகிறது.

மறுவருடம் பிப்ரவரியில் உப்பு பூத்தது. முதல் நாள் பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்தோம். வெயில் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். திடீரென்று பெரியக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, உன் பொண்ணு கதை இன்னா ஆச்சு கடசீல?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்று சிரித்தவர்கள்தான், ஆனாலும் பயத்தோடு பார்த்தார்கள். பெருமுக்கல்காரி கூடச் சோறு பிசைவதை நிறுத்தியிருந்தாள். ரயிலைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எஞ்சின் கொட்டகையின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது.

"கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டாங்கக்கா," என்றேன். "அதுக்கப்புறம் அது வரவே இல்ல அவளுக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள் பெரியக்கா. எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ வேறு பேச்சு தொடங்கினார்கள். ஊறுகாய் டப்பா கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. எடுத்துக்கொண்டு, அடுத்தவளிடம் கொடுத்தேன்.