டெலியா உடைத்த ஜன்னல்

டெலியா கெராட்டியிடம் வாய் கொடுத்து மீண்டவர் டப்ளினில் யாரும் கிடையாது. அவள் கணவன் லூக் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவன், பரம சாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவன் எந்தத் தொப்பி போடுவது என்பதையும் அவள்தான் முடிவு செய்வாள்.

சட்டை தைத்துப் பிழைத்தவள் அவள். அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்டு ஊர்வலம் போனவர்களுக்குக் கூலி வாங்காமல் நாற்பது பச்சைக் கொடி தைத்துக் கொடுத்தாள். 1912-இல் சுயாட்சி மசோதா வந்தது. பெண்களுக்கு ஓட்டு என்ற பேச்சே அதில் இல்லை. கேட்டால், முதலில் நாடு, அப்புறம் நீங்கள் என்றார்கள். வயிறு எரியாதா? கொடி தைக்க மட்டும் எங்கள் கை வேண்டுமா என்று தெருவெல்லாம் கேட்டாள். ஜூன் மாதம் ஒரு காலையில் கைத்தடியோடு கிளம்பினாள். வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே லூக் பின்னால் ஓடினான். அவன் கண்ணெதிரிலேயே ஓர் அரசாங்க அலுவலகத்து ஜன்னலை உடைத்தாள். கண்ணாடிக்காரன் பெண்டாட்டி அல்லவா, நடுவில் அடிக்கவில்லை. மூலையில் ஒரே தட்டு, முழுக் கண்ணாடியும் உதிர்ந்தது.

போலீஸ் பிடித்து வழக்குப் போட்டது. ஒரு மாதமாவது சிறை நிச்சயம் என்றார்கள். போன குளிரில் நெஞ்சுச் சளியில் அவள் பிழைத்ததே பெரிய விஷயம். சிறை ஈரத்தில் என்ன ஆவாளோ என்று லூக்குக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீல் ஒரு வழி சொன்னார். கணவன் கண்ணெதிரே மனைவி செய்த குற்றத்தை, அவன் சொல்லிச் செய்ததாகவே எடுத்துக்கொண்டு சட்டம் அவளை விட்டுவிடுமாம். லூக் அங்கேதானே நின்றான்! பழி தன்மேல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அவன் உடனே தலையாட்டினான்.

நீதிமன்றத்தில் வக்கீல் அதையே எடுத்து வைத்தார். நீதிபதியும் விடுதலை செய்துவிடுவார் போலிருந்தது. டெலியா எழுந்துவிட்டாள்.

"உடைச்சது நான் ஐயா. இவரைப் பைபிள்மேல கை வெச்சுச் சொல்லச் சொல்லுங்க. இருபது வருஷத்துல இவரு பேச்சைக் கேட்டு நான் ஒரு காரியமாவது செஞ்சிருக்கேனா?"

லூக் பைபிளை வாங்கினான். அதைத் தொட்டுப் பொய் சொல்ல அவனால் ஆகாது, அவளுக்கும் அது தெரியும். பாவி மனுஷன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லீங்க ஐயா. நான் கெஞ்சத்தான் செஞ்சேன். இவளாதான் உடைச்சா."

மன்றமே சிரித்தது. அவன் அழுதான். ஒரு மாதம் சிறை என்று தீர்ப்பானது.

காவலர் கூட்டிப்போகையில் டெலியா அவன் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள்.

"அழாத லூக். வீடு உன் பேர்ல, ஓட்டு உன் பேர்ல. இந்த ஊர்ல என் பேர்ல இருக்கறது இந்தக் குத்தம் ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்கப் பாத்தியே."

அடுத்த வாரம் அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட லூக்கையே கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் தட்டாதவன், அன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான்.