பதினொரு மணிக்கு வந்த வசூல்காரன்

ஜோங்ரே அக்கா கொரியாவின் பூசான் நகரச் சந்தையில் நூடுல்ஸ் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாவைத் தேய்த்து மடித்துக் கத்தியால் நறுக்கும்போது பலகையைப் பார்க்கவே மாட்டார். வாடிக்கையாளரிடம் வம்பளந்துகொண்டே வெட்டுவார். எதிர்க்கடையில் நான் நெத்திலிக் கருவாடு விற்கிறேன். அவர் சூப்புக்கு நெத்திலி என்னுடையதுதான். அதனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நெத்திலி என்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் பலகையையே பார்த்து வெட்டினார். அப்படியும் ஒரு நூடுல்ஸ் நூலாகவும் இன்னொன்று விரல் தடிமனாகவும் விழுந்தது.

"அக்கா, உடம்பு சரியில்லையா?"

"உன் வேலையப் பாருடி நெத்திலி."

அவர் என்மேல் எரிந்து விழுந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. முந்தின நாள் எங்கள் சந்தைச் சீட்டில், முறை வருமுன்பே கெஞ்சிக் கேட்டு ஒரு கோடியே இருபது லட்சம் வோன் எடுத்திருந்தார். சீட்டெடுத்துவிட்டுக் கட்டாதவருக்கு எங்கள் சந்தையில் இடமில்லை. கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே முணுமுணுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். சொன்னா வழக்கு பெருசாயிடுமாம்."

போன வாரம் குறைந்த வட்டிக்குக் கடன் தருவதாக ஒருவன் போனில் பேசியிருக்கிறான். அவன் அனுப்பிய செயலியைப் போனில் ஏற்றி, அதில் விண்ணப்பமும் போட்டிருக்கிறார். மறுநாளே பழைய கடன் கொடுத்த வங்கியிலிருந்து என்று இன்னொருவன் பேசினான். எங்கள் வங்கிக் கடன் இருக்கும்போது வேறு இடத்தில் கேட்டது ஒப்பந்த மீறல், முழுக் கடனையும் ரொக்கமாகக் கட்டாவிட்டால் கணக்கை முடக்குவோம் என்றான். செவ்வாய் பதினொரு மணிக்கு ஆள் வருவாராம்.

"ஏமாத்துறாங்களோ என்னமோ, அக்கா."

"நான் என்ன முட்டாளா? பாஸ்புக்ல அச்சடிச்ச நம்பருக்கு நானே போட்டுக் கேட்டேன். ரெண்டாவது ரிங்குலயே எடுத்தான். உண்மைதான்னு சொல்லிட்டான்."

மணி பத்தே முக்கால்.

இரண்டாவது ரிங்கிலேயே. அது எனக்கு இடித்தது. நானும் அதே வங்கியில்தான் கணக்கு வைத்திருக்கிறேன். அங்கே மனுஷர் குரலைக் கேட்பதற்குள் ஒரு கூடை நெத்திலிக்குத் தலை கிள்ளிவிடலாம். பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் கடைக்கு ஓடினேன். போனில் பேசவே கூசுகிறவள் நான். சுவரில் மாட்டிய பழைய போனில் அந்த எண்ணை அழுத்தினேன்.

பதிவு செய்த குரல் வந்தது. கடனுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. உங்களுக்கு முன் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள் என்றது.

அதே எண். அக்கா போனில் மட்டும் உடனே ஆள் வருகிறான் என்றால், அந்தப் போனுக்குள்ளேயே யாரோ உட்கார்ந்திருக்கிறான்.

நிமிர்ந்து பார்த்தேன். கோட்டுப் போட்ட ஓர் ஆள் அக்கா கடையின் பெயர்ப் பலகையைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான். கோட்டு புதுசு, காலில் அழுக்கு ஓட்டப்பந்தய ஷூ. அக்கா மாவுக் கையைத் துடைத்துவிட்டு சீட்டுப் பணம் இருந்த உறையை எடுத்தார்.

வைத்தால் வரிசை போய்விடும், போனை வைக்கவும் முடியவில்லை. இழுத்துக்கொண்டு போகக் கம்பியும் எட்டாது.

"அக்கா! குடுக்காத!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அம்மா, நேரமாகுது," என்று அவன் கை நீட்டினான்.

அக்கா உறையை விடவில்லை. "என் நெத்திலி கத்துறா. அவ கத்தி நான் பாத்ததே இல்ல. இரு, என்னன்னு கேட்டுட்டு வரேன்."

அவர் தெருவைக் கடப்பதற்குள் பக்கத்து மீன்கடைக்காரர் மீன் வெட்டும் கத்தியோடு வெளியே வந்து, "யார் தம்பி நீ? எந்த ஆபீஸு?" என்றார். அந்த ஆள் பேருந்து நிறுத்தம் பக்கமாக ஓடியே விட்டான்.

அக்கா என் போனைக் காதில் வைத்து இருபது நிமிஷம் நின்றார். உறையை அக்குளில் இடுக்கியிருந்தார். கடைசியில் ஒரு பெண் பேசினாள். ஒப்பந்த மீறல் எதுவும் இல்லை, ரொக்கம் வாங்க நாங்கள் ஆள் அனுப்புவதே கிடையாது, அந்தச் செயலி நீங்கள் போடும் அழைப்பையெல்லாம் அவர்களிடமே திருப்பிவிடும், போனை அணைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்றாள்.

போனை வைத்ததும் அக்கா என் கருவாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய கடன் அப்படியே இருக்காம். பதினஞ்சாம் தேதி வட்டி கட்டணுமாம்." மூக்கை உறிஞ்சினார். "கடன் குடுத்தவங்க பேச்சக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லடி."