பெருவிரலில் ரேகை இல்லாதவள்

சின்னவள் வென்றவை இவை. இனி நடக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட இடது காலை இழுத்து இழுத்தாவது நடக்க வைத்தாள். படி ஏற முடியாததால் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் விளக்கு வைத்த மேசை ஒன்றைத் தனக்கென்று பிடித்தாள். அந்த மேசையில், சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்த நண்டு ஒன்றை ஒரு கால்கூட ஒடியாமல் வெளியே எடுத்தாள். அந்த நண்டைப் பற்றிப் பெரியவள் சொல்லாத ஆள் கிடையாது.

அக்காவும் தங்கையும் ஒரே அறையில்தான் வேலை பார்த்தார்கள். மலையிலிருந்து கல் வரும். இயோசீன் காலத்தில் அந்த மலை கடலடியாகக் கிடந்ததாம். தண்ணீர் போய்க் கோடிக்கணக்கான வருஷம் ஆகியும் சங்கும் சிப்பியும் உள்ளே அப்படியே இருந்தன. சின்னவள் ஊசியாலும் தூரிகையாலும் கல்லை விலக்குவாள். ஐந்தாம் வகுப்புவரை படித்த பெரியவள், வெளிவந்ததைக் கழுவி, எறும்பளவு எழுத்தில் எண் போட்டு, பஞ்சு விரித்த தட்டில் அடுக்குவாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்ததா இல்லையா என்பதை மாலையில் தெருவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

கல்லில் அதிகம் கிடைப்பது மூரை என்னும் கடல் முள்ளெலி. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. முள்ளெல்லாம் உதிர்ந்து, மேலே ஐந்து இதழ்ப் பூப்போல ஓர் அச்சு மட்டும் இருக்கும். அந்த இதழ் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பாள் சின்னவள். ஈரப்பொடி தொட்டு, பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துத்தான் கடைசிச் சுண்ணாம்பை எடுப்பாள். கையுறை போடச் சொன்னால், நாக்கில் துணி சுற்றிக்கொண்டு சாப்பிடச் சொல்வாயா என்று கேட்பாள். வருஷக்கணக்கில் தேய்த்ததில் விரலும் கூழாங்கல்லாகிவிட்டது.

சிப்பித் தட்டு ஒன்று களவு போனபின், கதவுக்குக் கைரேகைக் கருவி வந்தது. உள்ளே வரவும் பெருவிரல், வெளியே போகவும் பெருவிரல். சின்னவளின் விரலை அது சில நாள் ஏற்கும், சில நாள் ஏற்காது. ஏற்காத நாளில் பெரியவள் தன் விரலை வைத்து, தங்கையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவாள்.

ஒரு மத்தியானம் பெரியவள் தட்டுகளை மேலே ஒப்படைக்கப் போயிருந்தாள். காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்த, கல்லைக் கரைக்கும் ஆசிட்டின் புகையை இழுக்கும் விசிறி அப்போது நின்றுபோனது. சின்னவள் கதவுக்கு வந்து விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. மூன்றாவது முறையும் தவறியதும், யாரோ திருடன் என்று முடிவு கட்டிய கருவி, எவர் விரலுக்கும் திறக்காதபடி பூட்டிக்கொண்டது.

பெரியவள் திரும்பி வந்தபோது, கதவின் கண்ணாடிச் சதுரத்தில் தங்கை முகம் தெரிந்தது. தன் விரலை வைத்தாள். சிவப்பு.

“ஆசிட் தொட்டிய மூடினியாடி?”

“மூடிட்டேன். நெஞ்சு எரியுதுக்கா.” இருமலுக்கு நடுவில் சிரிக்கப் பார்த்தாள். “நண்ட எடுக்க ஊசி இருந்துச்சு. என்னை எதால எடுக்கப் போற?”

சாவி மேலாளரிடம் இருந்தது. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். காவலாளி ஓடிப்போய் அவரைக் கூட்டிவரும் வரை பெரியவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

கதவைத் திறந்த மேலாளர் நெஞ்சு எரிச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. சின்னவளின் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மையில் தோய்த்துக் காகிதத்தில் வைக்கச் சொன்னார். வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ரேகை இல்லாதவர்கள் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம், காவலாளி திறந்துவிடுவார், அதுதான் விதி என்றார். சின்னவள் எழுதத் தெரியாது என்றாள்.

“கையெழுத்தும் வராதுன்னா திங்கட்கிழமையிலருந்து வரவேணாம்மா. நான் என்ன பண்றது?”

பெரியவள் தானே போட்டுவிடுவதாகக் கெஞ்சினாள். அது மோசடி என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

வீட்டிலும் இருவருக்கும் ஒரே அறைதான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, பெரியவள் காகிதத்தில் பெயரை எழுதிக் காட்டினாள். சின்னவள் பென்சிலை ஊசிபோலப் பிடித்து அழுத்த, காகிதம் கிழிந்தது.

“பேர எழுதச் சொன்னா, கோழி கிளறின மாதிரி இருக்கு,” என்றாள் பெரியவள். கிழிந்த காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு, “போகாமலே இருந்துட்டா என்ன? எப்படியாவது ஓட்டிக்கலாம்,” என்றாள்.

“இங்க இருந்தா இந்த நாலு சுவரு. அங்க போனா அந்த நாலு சுவரு. அங்கயாவது நண்டு இருக்கு.”

பெரியவள் எழுந்தாள். கொல்லையில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றை எடுத்துவந்து, ஆணியால் தங்கையின் பெயரை ஆழமாகக் கீறினாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீறல்களில் பெருவிரலை ஓட்டினாள். எங்கே வளைகிறது, எங்கே சுழிக்கிறது, எங்கே முடிகிறது என்று திரும்பத் திரும்பத் தடவினாள். வாரக் கடைசி முழுக்க அந்தக் கல் அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வாசலில் அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. கல்லைக் கொத்துகிற நிதானத்தோடு ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. மேலாளர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். காவலாளி அறையைத் திறந்து, சின்னவள் உள்ளே போனதும் வெளியிலிருந்து பூட்டினார். இனி அக்காவின் விரலும் அவளுக்கு உதவாது; மாலையில் அவர் வந்து திறந்தால்தான் தெரு.

பெரியவள் மட்டும் வாசலிலேயே நின்று, அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். தட்டில் போட்ட எண்ணைச் சரிபார்ப்பதுபோல, பக்கத்திலிருந்த தேதியையும் படித்தாள்: 2014 மார்ச் 10.